காட்டுக்கோயிலும் அணையாத விளக்கும்

மயிலாப்பூர் வழியாகச் செல்லும் பேருந்தில் அமர்ந்திருக்கிறோம். "லஸ்! லஸ்! இறங்குறவங்க வாங்க!" என்று நடத்துநர் குரல் கொடுக்கிறார். கடைத்தெருவுக்குச் செல்வோர், மாடவீதிக்குச் செல்வோர், கல்லூரி மாணவர், அலுவலகத்திற்கு விரைவோர் எனப் பலரும் இறங்குகின்றனர். அவர்களுள் எத்தனை பேர், தாம் நாள்தோறும் உச்சரிக்கும் அச்சிறு சொல் நம் தேவதாயின் திருப்பெயரோடு பிணைந்தது என்பதை எண்ணிப் பார்த்திருப்பர்?

போர்த்துக்கீசிய மொழியில் 'லூஸ்' என்றால் ஒளி. 'நோசா செஞோரா த லூஸ்' என்றால் ஒளியின் அன்னை. அவ்வன்னைக்கு எழுப்பப்பட்ட ஆலயத்தின் பெயரே சாலைக்கும், நாற்சந்திக்கும், சுற்றுவட்டாரத்திற்கும் பெயராயிற்று. தமிழ் மக்கள் அவ்வாலயத்தைப் பிரகாச மாதா ஆலயம் என்று அழைத்தனர். அதற்கு முன்னரே வழங்கிய பெயர் ஒன்றும் உண்டு. அதுவே 'காட்டுக்கோயில்' என்பது. இன்று கட்டடங்கள் நெருங்கி நிற்கும் அப்பகுதி ஒரு காலத்தில் மரங்கள் அடர்ந்த காடாக இருந்தது என்பதற்கு அப்பெயர் ஒன்றே போதிய சான்றாகும்.

அபிராமபுரத்திலிருந்து வடக்கே சில தெருக்களைக் கடந்தால் இவ்வாலயத்தை அடைந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொண்டு திருப்பலிக்குச் செல்லும் பெற்றோர் பலர், வீடு திரும்பும் வழியில் ஒரு கேள்வியைச் சந்தித்திருப்பர். "அப்பா, கப்பல்காரங்களுக்கு நிஜமாவே வெளிச்சம் தெரிஞ்சுதா? இந்தக் கோயில் நிஜமாவே ஐந்நூறு வருஷத்துக் கோயிலா?"

எளிய கேள்விதான். ஆயினும் அதற்கு நேர்மையாக மறுமொழி கூறுவது அத்துணை எளிதன்று. "ஆம்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினால், அக்குழந்தை வளர்ந்து வரலாற்று நூல்களைப் படிக்கும்போது நம் சொல்லை ஐயுறும். "அதெல்லாம் கட்டுக்கதை" என்று தள்ளிவிட்டாலோ, நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாகக் காத்துத் தந்த ஒன்றை நாமே வீதியில் எறிந்தவர்கள் ஆவோம். ஆகவே, இக்கேள்விக்குரிய மறுமொழியைச் சற்று நிதானமாகத் தேடுவோம்.

இருளில் தோன்றிய ஒளி

முதலில், பங்கு மக்களிடையே வழங்கிவரும் மரபுக் கதையைக் கேட்போம்.

கடலில் சென்றுகொண்டிருந்த போர்த்துக்கீசிய மறைப்பணியாளரும் மாலுமிகளும் புயலில் அகப்பட்டனர். திசை தெரியவில்லை, கரை தெரியவில்லை. உயிருக்கு அஞ்சிய அவர்கள் அன்னை மரியாளை நோக்கி மன்றாடினர். அப்போது தொலைவில் ஓர் ஒளி தோன்றியது. அதனைக் குறியாகக் கொண்டு கப்பலைச் செலுத்திப் பத்திரமாகக் கரை சேர்ந்தனர். கரையிறங்கிய பின்னும் அவ்வொளி அவர்களை உள்நாட்டை நோக்கி அழைத்துச் சென்றது. காட்டின் நடுவே ஓரிடத்தை அடைந்ததும் அது மறைந்தது. அவ்விடத்திலேயே நன்றிக்கடனாக அவர்கள் எழுப்பியதே ஒளியின் அன்னையின் ஆலயம் என்பர்.

அத்துறவியர் யாவர் என்பதற்கும் மரபு ஒரு விடை தருகிறது. 1500ஆம் ஆண்டு மார்ச் 9ஆம் நாள் லிஸ்பன் நகரிலிருந்து கப்ரால் என்பவரின் தலைமையில் ஒரு கப்பற்படை இந்தியாவை நோக்கிப் புறப்பட்டது. அதில் கொயிம்பிரா நகரத்து ஹென்றீக் என்ற துறவியின் தலைமையில் பிரான்சிஸ்கன் சபையினர் எண்மர் வந்தனர். அவ்வாண்டு செப்டம்பரில் கள்ளிக்கோட்டையை அடைந்த அப்படைக்கும் அவ்வூர் வணிகருக்கும் இடையே மூண்ட பூசல் பெருங்கலவரமாயிற்று. துறவியருள்ளும் சிலர் மாண்டனர். எஞ்சியோர் கொச்சிக்குச் சென்றனர். இது வரலாறு. அவ்வாறு தப்பியவர்களின் வழியில் வந்தோரே பின்னர் மயிலாப்பூர்க் கரையை அடைந்து இவ்வாலயத்தைக் கட்டினர் என்பது மரபு. முன்னதையும் பின்னதையும் நாம் வேறுபடுத்தி அறிதல் வேண்டும்.

கல் சொல்லும் ஆண்டு

ஆலயத்தில் ஒரு கல்வெட்டு உள்ளது. பிரான்சிஸ்கன் துறவியாகிய பேத்ரோ த அத்தோகியா இக்கோயிலைக் கட்டினார் என்றும், அது 1516ஆம் ஆண்டு என்றும் அது அறிவிக்கிறது. அக்கல்லின் கணக்கை ஏற்றால், 2016ஆம் ஆண்டோடு இவ்வாலயத்திற்கு ஐந்நூறு ஆண்டுகள் நிறைந்துவிட்டன. சென்னையின் மிகப் பழைய கிறிஸ்தவ ஆலயங்களுள் ஒன்றாக மட்டுமன்றி, இந்நகரில் ஐரோப்பியர் கட்டிய மிகப் பழைய கட்டடங்களுள் ஒன்றாகவும் இது போற்றப்படுவதற்குக் காரணம் அக்கல்லே.

ஆயினும் ஆய்வாளர் சிலர் இவ்வாண்டை ஏற்கத் தயங்குகின்றனர். அவர்தம் காரணம் அற்பமானதன்று. போர்த்துக்கீசிய வரலாற்றாசிரியர் கூற்றின்படி, அந்நாட்டார் மயிலாப்பூரில் முதன்முதலாகக் கால் வைத்தது 1517ஆம் ஆண்டிலேயாகும். ஆர்மீனிய வணிகர் சிலர், தியோகோ பெர்னாண்டஸ் என்பாரையும் அவர்தம் துணைவரையும் தோமையாரின் கல்லறைக்கு அழைத்து வந்து காட்டினர். கல்லறையின் மீதிருந்த பழைய கோயிலைச் செப்பனிடும் பணி 1520களின் தொடக்கத்தில்தான் நடைபெற்றது. சாந்தோம் என்ற குடியிருப்பு அதன் பின்னரே உருவாயிற்று. அவ்வாறாயின், கடற்கரையில் குடியேற்றமே இல்லாத காலத்தில், அதற்கு மேற்கே காட்டின் நடுவில் ஓர் ஆலயம் எழுந்தது எவ்வாறு? இதுவே அவர்கள் கேள்வி. எனவே ஆலயம் கட்டப்பட்டது 1547க்கும் 1582க்கும் இடையில் இருக்கலாம் என்று கணிப்பாரும் உளர்.

கல்லும் நம் கதையும் ஒருபுறம், ஏடுகள் மறுபுறம். எதை நம்புவது?

அபிராமபுரத்திற்கு மறுபக்கத்தில், மந்தைவெளியை அடுத்த ராஜா அண்ணாமலைபுரத்தில், வழிகாட்டும் அன்னையின் பெயரால் விளங்கும் ஆலயத்தை நம்மில் பலர் அறிவோம். முன்னாளில் அது புனித லாசரஸ் ஆலயம் எனப்பட்டது. அங்கு 1927ஆம் ஆண்டில் ஒரு கல்லறைக் கல் கண்டெடுக்கப்பட்டது. மனுவேல் மாத்ரா என்பவரும் அவர்தம் அன்னையும் 1637ஆம் ஆண்டில் தம் சொந்தச் செலவில் அக்கோயிலைக் கட்டினர் என்ற செய்தி அதில் பொறிக்கப்பட்டிருந்தது. சென்னைக்கு 'மதராஸ்' என்ற பெயர் வந்ததே இம்மாத்ரா குடும்பத்தாரால்தான் என்று வாதிடுவோரும் உண்டு. அக்கல் சொல்லும் ஆண்டு பிற செய்திகளோடு பொருந்துகிறது. அதனால் அதனைப் பற்றிப் பெரும் பூசல் எழவில்லை. நம் காட்டுக்கோயில் கல்லோ எளிதில் பிற சான்றுகளோடு பொருந்தவில்லை. கற்களும் மனிதர் கைபட்டவையே. ஆலயம் இடிந்து புதுப்பிக்கப்பட்ட போதெல்லாம் பழைய செய்தியைப் புதிய கல்லில் பொறித்த கைகள், கேள்விப்பட்ட ஆண்டையே பொறித்திருக்கவும் கூடும்.

இதனைச் சொல்வதால் நம் ஆலயத்தின் மாண்பு ஒரு சிறிதும் குறையாது. 1516 என்று கொண்டாலும், 1580 என்று கொண்டாலும், 1640இல் புனித ஜார்ஜ் கோட்டை எழத் தொடங்கியபோது காட்டுக்கோயில் ஏற்கெனவே முதிர்ந்த கோயிலாக நின்றது என்பதில் ஐயமில்லை. உண்மைக்கு அஞ்சுவது விசுவாசிகளுக்கு அழகன்று. நம் ஆண்டவர் தம்மை உண்மை என்றே அறிவித்தவர் அல்லரோ?

ஓர் ஏழையின் விளக்கு

இனி, அதே 1516ஆம் ஆண்டையொட்டி மயிலாப்பூர் எவ்வாறு இருந்தது என்று பார்ப்போம். அதற்கு ஒரு சான்று நமக்குக் கிடைத்துள்ளது.

துவார்த்தே பார்போசா என்ற போர்த்துக்கீசியர் கண்ணனூரில் எழுத்தராகப் பணியாற்றியவர். மலையாள மொழியை நன்கு கற்றவர். இந்தியப் பெருங்கடற் கரையோர நாடுகளைப் பற்றி அவர் எழுதிய நூல் 1516ஆம் ஆண்டையொட்டி நிறைவுற்றது. அதில் மயிலாப்பூரைப் பற்றியும் ஒரு குறிப்பு உண்டு. ஒரு காலத்தில் சிறப்போடிருந்த அவ்வூர் அப்போது பெரும்பாலும் பாழடைந்து கிடந்தது. தோமையார் அடக்கம் செய்யப்பட்ட சிறு கோயில் கடலை அடுத்து இடிந்த நிலையில் இருந்தது. அதனைப் பராமரிக்கக் கிறிஸ்தவர் இல்லை. ஓர் ஏழை முஸ்லிம் அதனைக் காத்து வந்தார். வருவோர் போவோரிடம் அவர் பிச்சை கேட்பார்; அப்பணத்தைக் கொண்டு இரவில் அங்கு ஒரு விளக்கு எரியுமாறு பார்த்துக்கொள்வார். இதுவே பார்போசா தரும் செய்தி.

அன்பர்களே, இச்செய்தியைப் படிக்குந்தோறும் உள்ளம் உருகுகிறது. அப்போஸ்தலரின் கல்லறையில் விளக்கேற்றக் கிறிஸ்தவர் ஒருவரும் இல்லாத காலம் அது. வேற்றுச் சமயத்தைச் சார்ந்த ஓர் ஏழை மனிதர், தமக்கு உண்ண உணவு உண்டோ இல்லையோ, எண்ணெய்க்குக் கையேந்தினார். அவர் பெயரை எந்த ஏடும் குறிக்கவில்லை. ஆயினும் மயிலைக் கடற்கரையில் ஒளி அணையாமல் இருந்தது அவரால்தான். இதற்கும் இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்னரே மார்க்கோ போலோ, இக்கல்லறையைக் கிறிஸ்தவரும் இஸ்லாமியரும் ஒருங்கே போற்றி வந்தனர் என்று எழுதியிருக்கிறார். ஆகவே அவ்வேழையின் செயல் திடீரென்று தோன்றியதன்று. இவ்வூரின் நெடுநாளைய பண்பிலிருந்து பிறந்தது.

கப்பல்காரர் கண்டது இவ்விளக்கைத்தான் என்று நாம் சொல்லத் துணியோம். அப்படிச் சொல்வது மரபின் மீது மற்றொரு கதையை ஏற்றுவதாகிவிடும். ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்லலாம். 'மயிலாப்பூரில் ஒரு வெளிச்சம் தெரிந்ததா?' என்று குழந்தை கேட்டால், 'ஆம், தெரிந்தது. அதனை ஏற்றியவர் யார் என்பதையும் அறிவோம்' என்று நாம் தயங்காமல் கூறலாம்.

மாலுமிகளின் அன்னை

தேவதாய்க்கு எத்தனையோ திருப்பெயர்கள் இருக்க, 'ஒளியின் அன்னை' என்ற பெயரைப் போர்த்துக்கீசியர் இங்கே சூட்டியது ஏன் என்பதையும் அறிதல் நன்று.

லிஸ்பன் நகரை அடுத்த கார்னீதே என்ற ஊரில் பதினைந்தாம் நூற்றாண்டிலேயே ஒளியின் அன்னைக்கு ஒரு திருத்தலம் தோன்றிவிட்டது. ஆப்பிரிக்காவில் சிறைப்பட்டு வருந்திய ஒருவர், அன்னையின் அருளால் விடுதலை பெற்றுத் தம் ஊருக்குத் திரும்பி அத்தலம் எழக் காரணமானார் என்பது அந்நாட்டு மரபு. அவ்வன்னையின் பெயர் மாலுமிகள் வழியாகக் கடல் கடந்து பரவியதில் வியப்பில்லை. கலங்கரை விளக்கங்கள் அருகியிருந்த அக்காலத்தில், இரவில் கரையோரம் தெரியும் ஒரு சிறு விளக்கும் மாலுமிக்கு உயிர்காக்கும் துணையாகும். நம் கடற்கரையில் வாழும் மீனவக் குடும்பங்கள் இதனை நன்கு உணர்வர். கரையை அடைவோமா என்று கலங்கியவன், அடைந்த பின் நன்றியோடு நினைவுகூர்வது ஒளியைத்தானே!

எனவே நம் காட்டுக்கோயிலின் கதையில் புயலும் ஒளியும் வருவது தற்செயலானதன்று. அதில் கடலோடிகளின் அச்சமும் நன்றியும் கலந்துள்ளன. ஆண்டுக்கணக்கில் பிழை இருந்தாலும், அந்த நன்றியில் பிழையில்லை.

கோட்டை வீழ்ந்தது, கோயில் நின்றது

போர்த்துக்கீசியர் சாந்தோமில் மதில்களை எழுப்பினர், கொத்தளங்களைக் கட்டினர், வணிகம் செழித்தது. 1545ஆம் ஆண்டில் புனித பிரான்சிஸ் சவேரியார் ஏறத்தாழ நான்கு மாதங்கள் இங்குத் தங்கி, அப்போஸ்தலரின் கல்லறையருகே செபித்தார். 1606ஆம் ஆண்டு ஜனவரி 9ஆம் நாள் திருத்தந்தை ஐந்தாம் பவுல் மயிலையைத் தனி மறைமாவட்டமாக உயர்த்தினார். சோழமண்டலக் கரை தொடங்கி வங்காளம், பெகு வரை அதன் எல்லை பரந்திருந்தது.

பின்னர் இருண்ட காலம் வந்தது. 1662இல் கோல்கொண்டா சுல்தானின் படை சாந்தோமைக் கைப்பற்றியது. 1672இல் பிரெஞ்சுக்காரர் அதனைப் பறித்துக்கொண்டனர். கோல்கொண்டாப் படையும் டச்சுக்காரரும் முற்றுகையிட்டு, 1674இல் அவர்களை வெளியேற்றினர். அதன்பின் கோட்டை மதில்கள் இடித்துத் தள்ளப்பட்டன. எஞ்சியிருந்தவையும் 1697இல் மொகலாயரின் ஆணையால் தகர்க்கப்பட்டன. 1749இல் ஆங்கிலேயர் அவ்வூரைத் தம் ஆட்சியின் கீழ்க் கொணர்ந்தனர். அடுத்த தலைமுறையில் ஹைதர் அலியின் குதிரைப்படை சென்னையின் புறநகர்களைக் கலக்கியது. கோல்கொண்டாப் போரின்போதும், ஹைதர் அலியின் காலத்திலும் காட்டுக்கோயில் சேதமுற்றது என்றும், இருமுறையும் அது மீண்டும் செப்பனிடப்பட்டது என்றும் பங்கு மரபு கூறுகிறது.

இன்று சாந்தோமில் அம்மதில்கள் எங்கே? கொத்தளங்கள் எங்கே? பீரங்கிகள் எங்கே? தேடிப் பார்த்தாலும் காணக் கிடைக்கா. மதிலுக்கு வெளியே, காட்டின் நடுவே, காவலர் இன்றி நின்ற சிறு கோயிலோ இன்றும் நிற்கிறது. அரசர் ஆணையிட்டு அதனைக் காப்பாற்றவில்லை. போர் ஓய்ந்த பின் திரும்பி வந்த குடும்பங்கள் செங்கல்லைப் பொறுக்கி அடுக்கின, கூரையை வேய்ந்தன, மெழுகுவர்த்தியை மீண்டும் ஏற்றின. அவர்களும் பார்போசா குறிப்பிட்ட அந்த ஏழையைப் போலவே பெயர் பொறிக்கப்படாதவர்கள். கல்லில் பெயர் பொறிக்கப்பட்டவரை நாம் அறிவோம். இடிந்த சுவரை மீண்டும் எழுப்பியவரை நாம் அறியோம். இருவருள் ஆலயம் யாருக்கு அதிகம் கடன்பட்டது என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கட்டும்.

ஒரே நகர், இரு ஆயர்கள்

வெளியிலிருந்து வந்த போர்கள் மட்டுமே துன்பம் தந்தன என்று சொல்லிவிட்டால், வரலாற்றின் ஒரு பாதியை மறைத்தவர்கள் ஆவோம். நமக்குள்ளேயே நிகழ்ந்த பிணக்கும் உண்டு.

போர்த்துக்கீசிய மன்னருக்குத் திருச்சபை அளித்த 'பாதுகாவல் உரிமை'யின்படி, மயிலை ஆயரை முன்மொழியும் அதிகாரம் லிஸ்பன் அரசுக்கே இருந்தது. தகுந்த ஆயர் வந்து சேராமல் மறைமாவட்டம் நெடுங்காலம் காத்துக் கிடந்த நாள்களும் உண்டு. இதற்கிடையே, 1642இல் ஆங்கிலேயரின் கோட்டையருகே பிரெஞ்சுக் கப்புச்சின் துறவியாகிய எப்ரேம் மறைப்பணியைத் தொடங்கினார். அப்பணி லிஸ்பன் அரசுக்கு உட்பட்டதன்று. உரோமையின் மறைபரப்புப் பேராயத்தின் கீழ் அமைந்தது. இவ்வாறாக ஒரே நகரில் இரண்டு அதிகாரங்கள் வேரூன்றின.

1832இல் சென்னைக்கென உரோமையின் நேரடிப் பொறுப்பில் தனி மறை ஆட்சி ஏற்பட்டது. 1838இல் திருத்தந்தை பதினாறாம் கிரகோரியார் மயிலையின் அதிகாரத்தை நீக்கி ஆணை பிறப்பித்தார். போர்த்துக்கீசியப் பக்கத்துக் குருக்கள் பலர் அதனை ஏற்க மறுத்தனர். 1886இல் செய்துகொண்ட உடன்படிக்கையால் ஒருவாறு அமைதி பிறந்தது. ஆயினும் சென்னைக்கு ஒரு பேராயரும் மயிலைக்கு ஓர் ஆயரும் அருகருகே ஆண்டுவந்த நிலை நீடித்தது. இன்று நாம் காணும் சாந்தோம் பேராலயம், மயிலை ஆயர் ஹென்றீக் ரீட் த சில்வாவின் முயற்சியால் எழுந்து 1896இல் அர்ச்சிக்கப்பட்டது.

அருகருகே வாழ்ந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் வெவ்வேறு ஆயர்களின் அதிகாரத்திற்கு உட்பட்டிருந்தன என்பதை இன்றைய இளைஞர் நம்புவது கடினம். ஒரே ஞானஸ்நானம், ஒரே நற்கருணை. ஆயினும் பங்கின் எல்லையைக் குறித்தும் அதிகாரத்தைக் குறித்தும் ஓயாத பூசல். பிற சமயத்தார் நம்மைப் பார்த்து என்ன எண்ணியிருப்பர்!

1950ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் நாள் போர்ச்சுக்கல் அரசு மயிலை முதலிய மறைமாவட்டங்களின் மீது தனக்கிருந்த உரிமையைத் துறந்தது. 1952ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள் சென்னையும் மயிலையும் ஒன்றாக இணைக்கப்பட்டுச் சென்னை–மயிலை உயர்மறைமாவட்டம் பிறந்தது. சலேசிய சபையைச் சார்ந்த பேராயர் லூயி மத்தியாஸ் அதன் முதற் பேராயரானார். முந்நூறு ஆண்டுப் பிணக்கு அன்று முடிவுற்றது. காட்டுக்கோயிலின் வரலாற்றில் 1516ஐப் போற்றும் நாம், 1952ஐயும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும். ஆலயத்தைக் கட்டிய நாளைப் போலவே, பிரிந்தவர் ஒன்றுபட்ட நாளும் நினைவில் நிற்கத் தக்கதே.

காடு தோட்டமாயிற்று, தோட்டம் வீதியாயிற்று

ஆலயத்தைச் சுற்றியிருந்த காடு மெல்ல மெல்ல அழிந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோட்ட வீடுகள் எழுந்தன. புகழ்பெற்ற வழக்கறிஞர் பலர் லஸ் பகுதியில் குடியேறினர். வி. கிருஷ்ணசாமி ஐயர் போன்றோரின் இல்லங்கள் இங்கிருந்தன. தேசபக்தரும் அமிர்தாஞ்சனம் நிறுவியவருமாகிய காசிநாதுனி நாகேஸ்வர ராவ் பந்துலுவின் 'ஸ்ரீபாக்' மாளிகையும் இங்கேயே இருந்தது. 1937இல் ஆந்திரத் தலைவர்கள் புகழ்பெற்ற உடன்பாட்டைச் செய்துகொண்டது அம்மாளிகையில்தான். அவர் பெயரால் அமைந்த பூங்காவில் இன்று நம் குடும்பங்கள் மாலை நேரத்தில் உலாவுகின்றன. தோட்டங்கள் மனைகளாகப் பிரிந்தன. தெற்கே அபிராமபுரமும் ராஜா அண்ணாமலைபுரமும் குடியிருப்புகளாக வளர்ந்தன. பின்னர்த் தனி வீடுகளும் இடிக்கப்பட்டு அடுக்குமாடிகள் தோன்றின.

ஆலயத்திற்குள்ளும் மாற்றம் வராமல் இல்லை. நம் பாட்டனார் காலத்தில் திருப்பலி இலத்தீனில் நடந்தது. அவர்கள் செபமாலையை உருட்டிக்கொண்டே பூசை கண்டனர். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வழிபாட்டைப் பற்றிய ஏட்டை வெளியிட்ட பின், பலிபீடத்தில் நம் தாய்மொழி ஒலிக்கத் தொடங்கியது. முதன்முறையாகக் குருவின் செபங்களைத் தமிழில் கேட்ட முதியோர் சிலர் கண்ணீர் மல்கினர். சிலர் பழைய முறையை எண்ணி ஏங்கினர். இரு சாராரும் அதே விளக்கின் முன்தான் முழந்தாளிட்டனர்.

பிற சமயத்து அயலாரும் அன்னையின் முன் மெழுகுவர்த்தி ஏற்ற வருவதை நாம் காண்கிறோம். நோயுற்ற குழந்தையை ஏந்தி வரும் தாயும், தேர்வுக்குச் செல்லும் மாணவனும் உள்ளே நுழைந்து சில நொடிகள் நின்று செல்கின்றனர். அவர்களை வேற்றாராக நோக்காதிருப்போமாக. ஒரு காலத்தில் நம் அப்போஸ்தலரின் கல்லறைக்கு விளக்கேற்றியவரும் வேற்றுச் சமயத்தவரே என்பதை மறத்தலாகாது.

குழந்தைக்கு என்ன சொல்வது?

இனி, நாம் தொடங்கிய கேள்விக்கு வருவோம். ஞாயிறு திருப்பலி முடிந்து வீடு திரும்பும் வழியில் குழந்தை கேட்கிறது. என்ன சொல்வது?

"கண்ணே, கப்பல்காரர்கள் ஓர் ஒளியைக் கண்டதாக நம் முன்னோர் சொன்னார்கள். கல்லில் 1516 என்று எழுதியிருக்கிறது. படித்தவர்கள் சிலர் அதற்குச் சற்றுப் பிந்தியிருக்கலாம் என்கிறார்கள். நீ பெரியவன் ஆனதும் இரு தரப்பையும் படித்துப் பார். ஆனால் அதே காலத்தில் இதே ஊரில் ஓர் ஏழை, பிச்சையெடுத்து எண்ணெய் வாங்கி, புனிதரின் கல்லறையில் விளக்கேற்றினார் என்பது நூலில் எழுதப்பட்டிருக்கிறது. அதன்பின் எத்தனையோ போர் வந்தது. எத்தனையோ சண்டை வந்தது. நமக்குள்ளேயே சண்டை வந்தது. ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் மீண்டும் விளக்கை ஏற்றினார். இப்போது ஏற்ற வேண்டியது நம் முறை."

இவ்வாறு சொன்னால் குழந்தை புரிந்துகொள்ளும். பொய் சொல்லவும் தேவையில்லை. நம்பிக்கையைக் குலைக்கவும் தேவையில்லை.

நம் பங்கின் முதிய குடும்பங்கள் சில இன்று ஊரை விட்டுச் சென்றுவிட்டன. பிள்ளைகள் வேலை தேடி வெளிநாடு சென்றுவிட, பெற்றோர் இருவர் மட்டும் அடுக்குமாடியில் தனித்திருக்கும் இல்லங்கள் பல. புதிதாகக் குடிவந்தோரை நாம் பெயர் சொல்லி அறிவதில்லை. கோயில் நிறைந்திருந்தும் ஒருவரையொருவர் அறியாத கூட்டம் சபையாகாது. ஆகவே வாசகக் குடும்பங்களுக்கு ஒரு சிறு வேண்டுகோள். அடுத்த ஞாயிறு திருப்பலிக்குச் செல்லும்போது, நீங்கள் அறியாத ஒரு குடும்பத்தின் பெயரைக் கேட்டு அறியுங்கள். தனித்து வாழும் முதியவர் ஒருவரின் இல்லத்திற்கு மாலையில் சென்று குடும்பச் செபமாலையில் அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவரிடம் பழைய நாள்களைப் பற்றிக் கேளுங்கள். அவர் சொல்வதைப் பிள்ளைகளை எழுதி வைக்கச் செய்யுங்கள். கல்லில் பொறிக்கப்படாத வரலாறு அவர்கள் நினைவில்தான் இருக்கிறது. அவர்களோடு அதுவும் மறைந்துவிடலாகாது.

பேருந்து நடத்துநர் இன்னும் பல்லாண்டு "லஸ்! லஸ்!" என்று கூவுவார். பொருள் அறியாமலே அவர் ஒளியை அறிவித்துக்கொண்டிருப்பார். பொருள் அறிந்த நாம், அவ்வொளியை வீட்டிலும் வீதியிலும் அணையாமல் காப்போமாக. பிரகாச மாதா நம் குடும்பங்களுக்கு வழிகாட்டுவாராக.